பத்து மணிக்கு முன்பு வாசித்தவள்

வெர்லீன் ஓடம் இசைத்தட்டு உறையை மூன்றாம் முறையாகப் படித்தாள். டெல்பர்ட் ரஸ்க் இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் பாடிய ‘மூடுபனி மைல்’, விரிவாக்கிய மறுபதிப்பாக வெளிவந்திருந்தது. புதிதாகச் சேர்ந்தவை ஏழு துண்டுகள். சொற்கள் இல்லாமல் நீண்டு இழைபவை. அவற்றின் கீழே ‘சூழலிசை: பிரைஸ் கோட்னி’ என்றிருந்தது. பிரைஸ் அந்தத் தட்டின் தயாரிப்பாளர். ஏழையும் வாசித்தவள் வெர்லீன்.

அவளுக்கு வயது எழுபத்தொன்று. நாஷ்வில் நகரை ஒட்டிய மேடிசனில் பள்ளிப் பேருந்து ஓட்டியும், மீதிப் பொழுதில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில், மேசைபோலக் கால்களில் நிறுத்திக் கால்மிதிகளோடு வாசிக்கும் ஸ்டீல் கிதார் வாசித்தும் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். அறுபத்தெட்டு இசைத்தட்டுகளில் அவள் வாசிப்பு உண்டு. ஒவ்வொன்றின் தேதியும் அவளுடைய நோட்டில் உண்டு.

‘மூடுபனி மைல்’ ஒரு பழைய பருத்திக் கிடங்கில், பிப்ரவரிக் குளிரில் பதிவானது. குளிரில் கம்பிகள் சுருதியில் நிற்பதில்லை. ஆகவே வெர்லீன் ஒன்பது மணிக்கே வந்து, கால்மிதிகளை அழுத்தி, ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருப்பாள். ஒலிப்பதிவாளர் நாடாவை ஓடவிட்டிருந்தார்; அந்த ஏழும் அதிலிருந்து எடுத்தவை. யார் எப்போது வாசித்தார்கள் என்று குறிக்கும் படிவத்தில் வேலை தொடங்கிய நேரம் பத்து மணி. வாசிப்பவர்களின் பெயர்கள் அந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும். பத்துக்கு முந்தைய நாடாவுக்குத் தாளில் ஆளே இல்லை. நாடாப் பெட்டியின் மேலிருந்த ஒரே பெயர் பிரைஸுடையது. இசைத்தட்டு நிறுவனத்தில் பழைய நாடாக்களைப் பராமரிக்கும் மேரன் அதையே அச்சுக்குக் கொடுத்துவிட்டாள்.

“மிஸ் வெர்லீன், படிவத்துல உங்க பேரு பத்து மணியிலேருந்துதான் இருக்கு” என்றாள் மேரன் தொலைபேசியில்.

“அப்ப ஒம்போது மணிக்கு அங்க பேயா வாசிச்சுது?”

“அடுத்த பதிப்புல திருத்திடறோம்.”

“எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. அடுத்த பதிப்பு எப்ப வருது, சொல்லு.”



வியாழக்கிழமை வெளியீட்டுக் கச்சேரி. பாடல்களுக்கு இடையே அந்த ஏழும் ஒலிக்கும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். வாசிக்க வெர்லீனையே அழைத்திருந்தார்கள். பிற்பகல் ஒத்திகைக்கு வந்தவள் கிதாரை அதன் கால்களில் நிறுத்தினாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன வெர்லீன், கம்பி அறுந்துபோச்சா?” என்றார் எண்பத்திரண்டு வயது டெல்பர்ட்.

“வாசிச்ச ஆளைக் கூப்பிடு. உறையில பேரு போட்டிருக்கே.”

“பிரைஸா? அவனுக்கு ரேடியோவைத் திருகவே ஆள் வேணும்.”

வாத்தியக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “அது உனக்குத் தெரியுதுல்ல. அச்சுக்கு முன்னாடி உறையை உன்கிட்ட காட்டினாங்களா, இல்லையா?”

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார். “காட்டினாங்க. என் படம் எப்படி வந்திருக்குன்னு மட்டும்தான் பாத்தேன்.”

அவர் உண்மையைச் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது. “நாப்பது வருஷமா உன் முதுகைப் பாத்துக்கிட்டு வாசிச்சிருக்கேன். நீ திரும்பிப் பாக்க வேணாம்யா. நாலு வரி படிச்சிருக்கலாம்.” குனிந்து கிதாரின் கால்களைத் திருகிக் கழற்றத் தொடங்கினாள்.

“இப்ப நான் என்னதான் செய்யணும்?”

“வாசல்ல விக்க வெச்சிருக்கிற முந்நூறு தட்டையும் பிரி. உன் கையால அந்தப் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுது.”

“விரலெல்லாம் வீங்கிக் கிடக்கு வெர்லீன்.”

“என்னோடதும்தான்.”

தட்டு விற்க வந்திருந்த மேரன் பெட்டிகளைச் சுமந்து வந்தாள். டெல்பர்ட் மேடை விளிம்பில் உட்கார்ந்து எழுதினார். நாற்பதாவதில் பேனாவைக் கீழே வைத்தார். வெர்லீன் நாற்பத்தொன்றாவதை அவர் மடியில் வைத்தாள். “சும்மா ஓரத்துல எழுதாத. அவன் பேரை அடிச்சுட்டு எழுது.”

கதவு திறக்க அரை மணி இருக்கையில் நூற்றுத் தொண்ணூறு முடிந்திருந்தன.

“மிச்சத்தைக் கார்ல ஏத்து” என்றாள் மேரனிடம். “பொய்ப் பேரோட ஒண்ணுகூட இன்னிக்கு விக்கக் கூடாது.”

மேரன் டெல்பர்ட்டைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

கடைசிப் பெட்டி வாசலைத் தாண்டும்வரை வெர்லீன் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு, கழற்றிய கிதார்க் கால்களைத் திரும்ப மாட்டத் தொடங்கினாள்.