கொழும்பு வீசாவுக்காகத் தாராவியிலிருந்து கோட்டை வரை

பெரிய செய்தி, மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறேன்: இந்தத் தீபாவளி கழிந்ததிலிருந்து இலங்கைக்குப் போக டிக்கெட் மட்டும் போதாது, பாஸ்போர்ட் வேண்டும், அதில் வீசா முத்திரை வேண்டும், ஏனென்றால் அந்தக் கரையில் நாம் இப்போது அந்நிய நாட்டார்.

நம் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது கொழும்பில் ஒரு மாமனோ சித்தப்பனோ இருப்பார். அவர்களைப் பார்க்கப் போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கொழும்புக்குப் போகவில்லை. தாராவியிலிருந்து, ஆபீஸ்கள் இருக்கிற பம்பாய்க் கோட்டைக்கும், அங்கிருந்து திரும்பியும், நடுவில் ஒரு தடவை செம்பூருக்கும் போனேன். ஆறு வாரம் ஆயிற்று. ரயிலும் கப்பலுமாகக் கொழும்புக்குப் போகிற போட் மெயிலில் போயிருந்தால் மூன்று தடவை கொழும்பு போய்த் திரும்பியிருக்கலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: தாராவியில் தோல் பெட்டி தைக்கிறவன். பழைய ரயில் கைடுகள், கப்பல் கம்பெனி நோட்டீசுகள், பேப்பரில் வரும் சர்க்கார் அறிவிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, அவற்றிலேயே எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் கற்றுக்கொண்டவன். கல்யாண் ஸ்டேஷனுக்கு அப்பால் போனதில்லை. ஆனால் போட் மெயில் எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று கேட்டால் சொல்லுவேன். பட்டறையில் என் பெயரே டைம்டேபிள். இது வரைக்கும் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எனக்கு அடுத்த பலகையில் உட்கார்ந்து பெட்டிக்குப் பூட்டு வைக்கிறவன் சுடலைமுத்து. அவன் அப்பா பரமசிவம் பதினைந்து வருஷமாகக் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். தீபாவளி கழிந்த இரண்டாம் வாரம் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. வேறு யாரோ எழுதியிருந்தார்கள். அப்பாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, மூச்சு முட்டுகிறது, தனியாக ரயிலும் கப்பலும் மாறி வர முடியாது, மகன் வந்து கூட்டிப் போனால் நல்லது.

“நான் இன்னைக்கே ரயிலேறுதேன்,” என்றான் சுடலை.

“ஏறி? தனுஷ்கோடியோட இறக்கி விட்டுருவாம்லே. எல்லாம் மாறிட்டு. நான் பாத்துக்கிடுதேன், சும்மா இரு,” என்றேன்.

நான் சொன்னது சரிதான். அதற்குப் பிறகு செய்ததுதான் சரியில்லை.

முதல் பயணம் ஒரு திங்கட்கிழமை. காலை ஏழு பத்துக்குத் தாராவியில் நடக்க ஆரம்பித்தோம். கிங்ஸ் சர்க்கிள் ஒன்றரை மைல், அரை மணி நேரம். அங்கே ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ மூன்று பிரதி, இரண்டரை ரூபாய். ஸ்டூடியோக்காரரே ஒரு கோட்டும் மாட்டிவிட்டார். முன்னால் மட்டும்தான் அது கோட்டு. முதுகுப் பக்கம் கிழிந்து ஊக்கு குத்தியிருந்தது. “கொழும்புக்காரன் முன்பக்கத்ததான பாப்பான்,” என்றான் சுடலை. அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு இருந்தது.

கோட்டைக்கு டிராம் ஆளுக்கு ஒன்றரை அணா, ஐம்பது நிமிஷம். ரயிலில் சீக்கிரம் போகலாம், ஆனால் காலையில் ஆபீஸ் கூட்டத்தில் போட்டோ கசங்கிவிடும். பாஸ்போர்ட் கொடுக்கிற ஆபீஸ் பத்தரைக்குத் திறக்கிறது. ஒன்பதே முக்காலுக்குப் போனாலும் முன்னால் முப்பது பேர் நின்றார்கள். கட்டணம் ஜன்னலுக்கு மேலே எழுதியிருக்கிறது. அது மாறலாம் என்பதால் இங்கே எழுதவில்லை.

படிவம் இங்கிலீஷில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, பட்டறையிலிருந்து கொண்டுபோன பெட்டி மூடியைத் தொடையில் வைத்து, நானே நிரப்பினேன். எத்தனை வருஷமாக இப்படி ஒரு காகிதம் கைக்கு வராதா என்று ஏங்கியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டத்தையும் ரசித்து எழுதினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு கட்டத்தில் ‘பர்மனன்ட் அட்ரஸ்’ என்றிருந்தது.

“நிரந்தர முகவரி. சொல்லு,” என்றேன்.

“இதான். தாராவி, தண்ணிக் கொழாய்க்கு எதிர்த்த சந்து.”

“ஏலே, மழைக்கு மழை தகரம் மாத்துத கொட்டாய்க்குப் பேரு நிரந்தரமாலே? ஊர் பேரைச் சொல்லு.”

“ஊருக்கு மொட்டை போடப் போனதுதான்லா. அஞ்சு வயசுல.”

“சர்க்கார்கிட்ட போய் மொட்டைக் கதையா சொல்லுவே? சொல்லுலே.”

சொன்னான். தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம். தெருப் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. எல்லா ஊரிலும் இருக்கும் என்று ‘கீழத் தெரு’ என்று நானே போட்டேன். பிறந்த இடத்துக்கும் அதே ஊரை எழுதினேன். கையெழுத்து அழகாக வந்திருந்தது.

உங்களைக் கேட்கிறேன். ‘எந்த ஊர்?’ என்று யாராவது கேட்டால் நம்மில் ஒருவராவது பம்பாய் என்று சொல்லியிருக்கிறோமா? தாராவிக்காரன் திருநெல்வேலி என்பான். மாட்டுங்காக்காரர் பாலக்காடு என்பார். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளையும் பெற்றவன்கூட அப்படித்தான் சொல்லுவான். எனக்கும் அந்தப் பதில்தான் வாயில் வந்தது.

ஆபீசுக்கு வரச் சொல்லி இருபத்து நாலாம் நாள் கார்டு வந்தது. ஜன்னலில் இருந்தவர் மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுப் பக்கத்து மனிதர். காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

“படிச்சுச் சொல்றேன், கேளு. ‘மேற்படி பெயருள்ள நபர் இக்கிராமத்தில் வசிக்கவில்லை, வசித்ததாகவும் தெரியவில்லை.’ கிராம முன்சீப் கையெழுத்து, போலீஸ் முத்திரை, எல்லாம் இருக்கு. யாரு இந்த ஃபாரத்தை எழுதினது?”

“நான்தான் சார்.”

“நீ எந்த ஊர்?”

“திருநெல்வேலி.”

“போயிருக்கியோ?”

“இல்லை சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்காத்துலயும் இதே கூத்துதான். என் பையன் மாட்டுங்காவை விட்டு நகர்ந்ததில்லை. கேட்டா பாலக்காடும்பான். ஆத்துல சொல்லிக்கலாம்ப்பா. சர்க்கார் அதை நம்பி அங்க ஆள் அனுப்பிடறதே.”

“முன்சீப்பு நெசத்தத்தான எழுதிருக்காரு,” என்றான் சுடலை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. காகிதத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

புதுப் படிவம் எழுத வேண்டும், அதோடு பம்பாயில் பிறந்ததற்கு ஒரு சாட்சி வேண்டும் என்றார் அவர். முனிசிபாலிடியின் பிறப்புப் புத்தகத்தில் சுடலை பிறந்த வருஷம் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் நிறையப் பேர் இருந்தார்கள், பெயர் இல்லாமல். பிரசவம் பார்த்த எஸ்தர் நர்சம்மா ரிட்டயராகிச் செம்பூரில் இருப்பதாக சுடலையின் அம்மா சொன்னாள்.

செம்பூருக்கு ஞாயிற்றுக்கிழமை போனோம். சயானில் ஏறி, குர்லாவில் மாற வேண்டும். இரண்டணா. குர்லாவில் அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிஷம் காத்திருந்தோம். செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஒரு மைல் நடை. வழியில் சிந்துப் பக்கமிருந்து வந்த அகதிகளின் கொட்டடிகள். வழி கேட்டபோது ஒரு பெரியவர் கையைக் காட்டிவிட்டு, “கஹான் கே ஹோ?” என்றார். எந்த ஊர் என்று கேட்கிறார். திரு என்று ஆரம்பித்து, தாராவி என்று முடித்தேன். அவர் தன் கொட்டடிச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியிருந்த நம்பரைத் தட்டிக் காட்டினார். எங்களைப் போல அவர் இரண்டு பதில் வைத்திருக்கவில்லை.

நர்சம்மாவிடம் ஒரு பழைய நோட்டு இருந்தது. பார்த்த பிரசவத்தையெல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தாள்.

“பொன்னம்மா மகனா நீ? உனக்கா கொழும்புக்குப் போக இம்புட்டுப் பாடு? நீ பொறந்தன்னைக்குத் தாராவியில முட்டளவு தண்ணி. உங்கப்பன் வாசல்ல நிக்கான், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு. உள்ள வந்து திண்டுல ஏறி நில்லும்னு சொன்னேன். பிள்ளை அழுத பெறவுதான் வருவேன்னு அந்தத் தண்ணிக்குள்ளயே நின்னான். நீயும் லேசுல அழல. அப்பமே அப்பன அலைய வச்சவன்தான்.”

சுடலை சிரிக்கப் பார்த்தான். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். திரும்பும்போது ரயிலில் உட்காரவே இல்லை.

புதுப் படிவத்தில் தாராவி, தண்ணிக் குழாய், எதிர்ச் சந்து என்று எழுதினோம். ஜன்னல்காரர் அதைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

அங்கிருந்து வீசா ஆபீஸ் பத்து நிமிஷ நடை. நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பாஸ்போர்ட் கொடுப்பது நம் சர்க்கார், வீசா கொடுப்பது அவர்கள் சர்க்கார். ஒன்று இருந்தால் மற்றது வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உறவினரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்குத் தருவது ஒரு வகை. அதில் வேலை பார்க்கக் கூடாது, சொன்ன நாளைக்குள் திரும்ப வேண்டும். அங்கே வேலைக்குப் போகிறவருக்கு வேறு அனுமதி. அதை அங்குள்ள முதலாளி முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். ‘அப்பாவைப் பார்த்துவிட்டு, கிடைத்தால் கொஞ்ச நாள் வேலையும்’ என்று ஜன்னலில் பேசினால் இரண்டும் போய்விடும். அங்கேயே இருப்பவர்கள் ஊரைப் பார்க்க இந்தப் பக்கம் வருவதானால், திரும்பி உள்ளே போக அனுமதி வாங்கிக்கொண்டு வர வேண்டும். இல்லாமல் வந்தால் இந்தக் கரையோடு சரி. இதை உங்கள் மாமனுக்கு இன்றைக்கே எழுதிப் போடுங்கள்.

நாங்கள் கேட்டது முதல் வகை. அப்பா வேலை பார்க்கிற கடை முதலாளி எழுதி அனுப்பிய கடிதமும் கையில் இருந்தது. உறவினர் பெயர் என்ற இடத்தில் சுடலை தானே ‘பரமசிவம், தகப்பனார்’ என்று எழுதினான். திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தந்தி வந்தது. பரமசிவம் இறந்துவிட்டார் என்று நான்தான் படித்துச் சொன்னேன். இங்கிலீஷ் என்பதால் என்னிடம் கொண்டுவந்தார்கள்.

சுடலையின் அம்மா அழவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: “எடுக்கதுக்கு முன்னால போயிரலாமா? ஏ டைம்டேபிளு, வண்டி எத்தன மணிக்கு?”

எனக்குத் தெரியும். மெட்ராஸுக்கு ஒன்றரை நாள், அங்கிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு நாள், இருபத்திரண்டு மைல் கடல், அப்புறம் ஒரு ராத்திரி ரயில். நான்கு நாள். எல்லா ஸ்டேஷனும் வரிசையாக மனசில் ஓடியது. தந்தியை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

திங்கட்கிழமை சுடலை போனான். நானும் போனேன், அவன் கூப்பிடவில்லை. ஜன்னலில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். சுடலை விஷயத்தைச் சொன்னான்.

“தம்பி, உறவினர் எண்ட இடத்தில இனி ஆரைப் போடுறது?” என்றார் அவர், மெதுவாக. “கடை முதலாளியிட்ட இன்னொரு கடிதம் எடுங்கோ. சாமான் எடுக்கப் போறதெண்டு எழுதட்டும். பாக்கலாம்.”

“அவரு பெட்டி ஒண்ணுதான் இருக்கும் சார். நாங்க பெட்டி தைக்கவங்கதான்,” என்று சொல்லி பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

திரும்பும் வழியில், டிராமில், அதைத் திறந்து பார்த்தான். நிரந்தர முகவரி: தாராவி. இந்த உலகத்தில் எங்கள் கொட்டகையை நிரந்தரம் என்று சொல்கிற காகிதம் அது ஒன்றுதான். “முதல்லயே இதத்தானல சொன்னேன்,” என்றான். கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, எனக்கு முன்னால் தாராவிக்கு நடந்தான்.

போகப் போகிறவர்கள் கவனியுங்கள். யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். எங்கே பிறந்தீர்களோ அதை எழுதுங்கள். தபால்காரர் உங்களை எங்கே கண்டுபிடிப்பாரோ அதை எழுதுங்கள். பிரசவம் பார்த்தவர் உயிரோடு இருந்தால் இப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பள்ளிக்கூடச் சான்றிதழ் இருந்தால் அதுவும் ஆகும். அம்மைப்பால் குத்தியதற்கும் காலரா ஊசிக்கும் சீட்டு வேண்டும், தனுஷ்கோடிக்கு முன்னால் மண்டபம் முகாமில் டாக்டர் கேட்பார். இங்கிலீஷ் தெரியும் என்று பீற்றிக்கொள்கிறவனிடம் படிவத்தைக் கொடுத்தால், அவன் என்ன எழுதினான் என்று திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். அந்த ஆள் நானாக இருந்தாலும் சரி.

இந்த இதழின் கடைசி நாலு பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் ஆபீசில் உங்களுக்கு நடந்தது எதுவானாலும் அதில் எழுதுங்கள், எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். ரயில் பாதையில் தமிழர் இருக்கிற முலுண்ட் வரை போகட்டும். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மாட்டுங்கா வாசகசாலைக்கு, கொழும்பில் ஆள் இருப்பவர்கள் எல்லாரும் கையில் இருக்கிற காகிதத்தோடு வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொருவர் படிவத்தையும் எழுதுவோம். சுடலைமுத்தும் வருகிறேன் என்றிருக்கிறான். எப்படி எழுத வேண்டும் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளத் தன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவருவான். முதல் பக்கத்தைத் தவிர அதில் எல்லாப் பக்கமும் காலி.