காலியாகவே இருக்க வேண்டிய நிலத்துக்காகப் பேசியவர்

இதை எழுத நான் சரியான ஆள் இல்லை. கதீஜா அக்காவோடு என்னைவிட நெடுங்காலம் வேலை பார்த்தவர்கள் நம் நகரமைப்பு அலுவலகத்தில் இருக்கிறீர்கள். நான் வரைபட வேலைக்கு வந்த தற்காலிகப் பணியாளர், வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. மூத்தவர்கள் யாராவது நம் ஊழியர் மலரில் எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். இனிக் காத்திருக்க நாளில்லை என்பதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். விருதுநகர் பஸ்ஸில் அக்கா சிவகாசியிலேயே ஏறி எனக்கும் ஒரு இடம் பிடித்து வைத்திருப்பார். முந்தின நாள் நெஞ்சு கரிக்கிறது, வாயுவாக இருக்கும் என்று சொல்லி லீவு போட்டிருந்தார். செல்போனில் அவர் பெயர் வந்ததும், "அக்கா, இன்னைக்கு வந்துட்டீகளா? எந்தப் பஸ்ஸு?" என்று கேட்டேன். மறுமுனையில் அவருடைய கணவர் பேசினார். சிவகாசியில் பேப்பர் கடை வைத்திருப்பவர், சத்தமாகப் பேசிப் பழகியவர். அன்று அவர் குரல் எனக்குச் சரியாகக் கேட்கவே இல்லை. "தாயி, விடியக்காலம் போயிட்டா. ஆபீஸ்ல சொல்லிரு" என்றார். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

சாயங்காலத் தொழுகைக்கு முன்பே எடுத்துவிடுவார்கள் என்றதால் நேராக வீட்டுக்குப் போனேன். பெண்கள் நிறைந்த அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் நின்றேன். அக்காவின் நாத்தனார் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "நீதான அந்த மேப்பு புள்ள? ஒன்னையப் பத்தி அம்புட்டு சொல்லுவா. வாயே தொறக்காது, ஆனா எல்லாத்தையும் பாத்துரும்னு சொல்லுவா." எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். என்னைப் பற்றி யாரும் வீட்டில் போய்ப் பேசுவார்கள் என்று நான் நினைத்ததில்லை.

நாங்கள் சேர்ந்து செய்த வேலை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பகுதிக்குப் புதிய முழுமைத் திட்டம் தயாராகிறது. எங்கே வீடு வரலாம், எங்கே பட்டாசுத் தொழிற்சாலை வரலாம், ரோடு எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் இனி அதுதான் சொல்லும். அதற்கு முன்னால் பழைய திட்டத்தில் இருக்கும் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, நிறைவேறியதா இல்லையா என்று அட்டவணையில் குறிக்க வேண்டும். அக்கா வரைவாளர். மேசையில் உட்கார்ந்தே குறித்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்தார்கள். அக்கா சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பேச்சுத் துணைக்கு என்று என்னைக் கூட்டிப் போவார். பேசுவது முழுக்க அவர்தான்.

ஆமத்தூர் பக்கம் பழைய வரைபடத்தில் ஒரு பஸ் நிலையம் இருந்தது. போய்ப் பார்த்தால் வேலிக்கருவைப் புதர், நாலைந்து வெள்ளாடுகள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அக்கா, "அண்ணாச்சி, இது பஸ் ஸ்டாண்டு. தெரியுமா ஒங்களுக்கு?" என்றார். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அப்படியாம்மா? அப்ப மதுரைக்கு எத்தனை மணிக்கு வண்டி?" என்று கேட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் ஆடுகள் விலகி ஓடின. திரும்பும் வழியெல்லாம், "நாம பேப்பர்ல வரைஞ்ச பஸ்ஸுல ஆடுதான்டி ஏறி எறங்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சத்தமாகச் சிரித்தேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாரணாபுரம் பக்கம் போன நாளில் அவர் சிரிக்கவில்லை.

அங்கே பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு நீளமான பொட்டல் இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் வளாகத்துக்குள் விட வேண்டிய இடைவெளி வேறு. இது அதற்கு வெளியே, பழைய திட்டம் பச்சை நிறம் கொடுத்துத் தனியாக ஒதுக்கியது. ஒரு அறை வெடித்துப் பக்கத்து அறைகளும் பிடித்துக்கொண்டால், கல்லும் தகரமும் வந்து விழுவதற்கு ஆளில்லாத இடம் வேண்டும். அதற்காக ஒதுக்கியது. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் அம்மா, வெடிச்சத்தம் கேட்டால் முதலில் புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பாள், பிறகு யார் யார் வீடு திரும்பவில்லை என்று எண்ணுவாள். அந்தப் பொட்டல் எதற்கு என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அன்று அந்தப் பொட்டலில் கலர்த் துணிக்கொடிகள் பறந்துகொண்டிருந்தன. மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். பிளாட் போடுகிறார்கள். அலுவலகத்துக்கு வந்து அட்டவணையைப் பார்த்தால், அந்த இடத்துக்கு நேரே சர்வே எடுத்தவர்கள் எழுதியிருந்தார்கள்: 'காலியிடம். பயன்பாட்டுக்கு வரவில்லை. கொள்கை நிறைவேறவில்லை. குடியிருப்பாக மாற்றப் பரிந்துரைக்கலாம்.'

அவர்கள் பொய் எழுதவில்லை. நம் வேலையில் ஒரு பழக்கம் இருக்கிறது. நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்போம். பள்ளிக்கூடம் என்று போட்ட இடத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் நிறைவேறியது. பூங்கா என்று போட்ட இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் நிறைவேறவில்லை. ஒன்றும் இருக்கக் கூடாது என்று போட்ட இடத்துக்கும் அதே அளவுகோலை வைத்துவிட்டார்கள்.

ஆய்வுக் கூட்டத்தில் அக்கா எழுந்தார். உங்களில் பலர் அந்த அறையில் இருந்தீர்கள். பெரிய அதிகாரி, "இத்தனை வருசத்துல அங்க ஒரு செங்கல் ஏறலையேம்மா. செயல்படாத விதிய எதுக்குச் சொமக்கணும்?" என்றார். அக்கா, "சார், செங்கல் ஏறாம இருந்ததுக்குத்தான் சார் டிக் போடணும். அந்தத் திட்டத்துல உருப்படியா நிறைவேறுனது அது ஒண்ணுதான்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. "இத நிறைவேறலன்னு எழுதுனா, அடுத்து ஒரு வெடி வெடிக்கும்போது நம்ம கையெழுத்துதான் சார் அங்கன நிக்கும்" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி அடுத்த விதிக்குப் போய்விட்டார்கள்.

இனிச் சொல்லப்போவது என் வீட்டு விஷயம். என் கூடப்பிறந்த அக்கா முத்துமாரியும் அவள் வீட்டுக்காரரும் அந்தப் பொட்டலில்தான் இடம் பேசியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பக்கத்துக் கம்பெனியில்தான் வேலை. சீசனில் இருட்டிய பிறகுதான் விடுவார்கள், அந்த நேரத்தில் பஸ் கிடையாது. வேலைக்கு நடந்து போய் வரலாம், பிள்ளைகள் கண் பார்வையில் இருக்கும் என்பது அவள் கணக்கு. நான் சொன்னால் கேட்க மாட்டாள் என்று கதீஜா அக்காவை வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அக்கா பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். முத்துமாரி காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே கேட்டாள். கடைசியில், "நீங்க டவுன்ல மெத்தை வீட்ல இருக்கீக. அங்கன போகாத, இங்கன போகாதன்னு சொல்றது லேசு. நாங்க எங்கன போகணும், அதச் சொல்லுங்க. நாள் பூராம் வெடிமருந்துக்குள்ளதான உக்காந்திருக்கோம். அப்ப யாரும் வந்து தள்ளி உக்காருன்னு சொல்லலையே?" என்றாள்.

"ஏ, சும்மா இரு" என்றேன். கதீஜா அக்கா என்னைத்தான் அதட்டினார். "நீ சும்மா இரு புள்ள. அவ சரியாத்தான் கேக்கா."

பஸ்ஸில் அவர் பேசவே இல்லை. அவர் பேசாமல் வந்த பயணம் அது ஒன்றுதான். இறங்கும்போது, "வேண்டாம்னு மட்டும் எழுதிருந்தோம் பாத்தியா. எங்கன வேணும்னு எழுதலையே" என்றார். அடுத்த வாரம் முழுவதும் திருத்தங்கல் ரோட்டுப் பக்கம் அலைந்தோம். தொழிற்சாலைகளிலிருந்து நன்றாகத் தள்ளி, பஸ் போகிற வழியில், தண்ணீர்க் குழாய் எட்டுகிற தூரத்தில் ஒரு நிலத்தைக் கண்டுபிடித்தார். பொட்டலைப் பச்சையாகவே விட வேண்டும், தொழிலாளர் வீடுகளுக்கு இந்த நிலத்தை வரைபடத்தில் குடியிருப்புக்கான மஞ்சளாக்க வேண்டும், வேலை விடும் நேரத்துக்குப் பஸ் கேட்க வேண்டும் என்று மூன்றையும் சேர்த்து எழுதினார். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தார். அன்றும் நீங்கள் இருந்தீர்கள். வாசித்து முடித்து உட்கார்ந்ததும் என் காதருகே, "ஒங்க அக்காகிட்ட சொல்லு, பதில் கொண்டுவந்துட்டேன்னு" என்றார். முத்துமாரியிடம் சொன்னேன். "வரட்டும், பாப்போம்" என்றாள். ஆனால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நாள் பார்த்திருந்ததைத் தள்ளி வைத்தாள். ஒருவர் பேச்சுக்காக அவள் எதையாவது தள்ளி வைத்து நான் பார்த்ததில்லை.

அக்கா போன பிறகு வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நாரணாபுரத்துப் பொட்டல் முழுக்க மஞ்சளாக இருக்கிறது. திருத்தங்கல் ரோட்டு நிலத்தில் கிட்டங்கிகள், அதாவது சரக்குக் கிடங்குகள் என்று போட்டிருக்கிறார்கள். பஸ்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை. கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டு கூட்டத்திலும் அந்த விதி 'விவாதிக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது. யார் எழுந்தார், என்ன சொன்னார் என்று இல்லை. அவர் கொடுத்த தாளும் கோப்பில் இல்லை.

பெரிய அதிகாரியின் அறைக்குப் போனேன். வாசலில் நின்று, உள்ளே போய், சொல்ல வந்ததைப் பாதியில் விட்டேன். அவர் கோபப்படவில்லை. "அந்தம்மா இருந்தா அவங்க பேசுவாங்க. நீ டெம்பரவரி. ஒனக்கு எதுக்கும்மா?" என்றார். வெளியே வந்து அக்காவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான் அவர் மாதிரி இல்லை. எனக்கு எழுந்து நின்றால் குரல் வராது. இந்த வேலைக்கு அவரைவிட்டால் ஆளில்லை, அவரும் இப்போது இல்லை. சில நாள் தூக்கத்தில்கூட அந்த மஞ்சள்தான் வருகிறது.

முத்துமாரி மறுபடியும் நாள் பார்த்துவிட்டாள். "ஒங்க அக்கா கொண்டுவந்த பதில் எங்கன?" என்று என்னிடம் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

கதீஜா அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழக்கம். வெறுமையாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்தால், அங்கே என்ன கட்டலாம் என்று யோசிப்பதற்கு முன், யார் எதற்காக இதைக் கட்டாமல் விட்டார்கள் என்று கேட்டுப் பார்க்கிறேன். வேண்டாம் என்று ஒருவரிடம் சொல்ல வேண்டி வந்தால், அவருக்கு வேறு இடம் சொல்லிவிட்டேனா என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான் நான் எடுத்துக்கொள்ள முடிந்தது. அவருடைய தைரியம் எனக்கு வரவில்லை.

இந்த மாதக் கடைசி வரை வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபணை கொடுக்கலாம், பிறகு அவற்றின் மேல் விசாரணை நடக்கும். நான் எழுதிவிட்டேன். ஆனால் ஒரு தற்காலிகப் பணியாளர், அதுவும் அங்கே இடம் பேசியவளின் தங்கை எழுதியது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அந்த அறையில் இருந்தவர்கள். அவரோடு உடன்பட வேண்டும் என்று கேட்கவில்லை. 'கதீஜா எழுந்து இதைச் சொன்னார், நான் கேட்டேன்' என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் பெயரைப் போட்டு, விசாரணை நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.