கிளின்னா

இப்ஸிலாண்டி மிச்சிகனில் இருக்கிறது. முழங்கால் அளவு பனி விழும் வடக்கு. ஆனால் எங்கள் தெருவில் நின்று காது கொடுத்தால் தெற்கேயுள்ள கென்டக்கியின் மலைப்பேச்சுதான் கேட்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தபோது மலையிலிருந்து வந்தவர்கள், மூட்டை முடிச்சோடு நாக்கையும் கொண்டுவந்துவிட்டார்கள். கென்டக்கியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்கும் அதே இழுவைதான். பக்கத்து ஊர் மகாராஜாக்கள் எங்கள் ஊரை ‘இப்ஸிடக்கி’ என்று கேலி செய்வார்கள்.

ஓர்ஃபா ஸ்டாம்பருக்கு ஒரே மகள். கிளென்னா என்று பெயர் வைத்தாள். ஆனால் ‘ன்’னுக்கு முன்னால் ‘எ’ சொல்ல எங்கள் நாக்குக்கு வராது, ‘இ’யில்தான் போய் உட்காரும். எழுதும் பென்னும் குத்தும் பின்னும் எங்கள் வாயில் ஒன்றுதான். அதனால் அவள் தெருவுக்கெல்லாம் கிளின்னா.

பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சையன்று பேனா இல்லாமல் எழுந்து நின்றாள். “டீச்சர், ஒரு பின் குடுங்க.” டீச்சர் மேசையிலிருந்து குண்டூசியை எடுத்து நீட்டினாள். வகுப்பே சிரித்தது. பரீட்சை முடியும்வரை அந்த ஊசியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது பிள்ளை. அந்த டீச்சரை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம் கிளென்னா டெட்ராய்ட்டுக்குப் போய் டெலிபோன் ஆபரேட்டர் ஆனாள். கண்ணாடி முன் நின்று டென், மென், பென் என்று சொல்லிச் சொல்லி வாயைத் திருத்திக்கொண்டாள். கட்டிக்கொண்டவனிடம் தனக்கு யாருமில்லை என்றாள். ஆபீஸ் விருந்துகளில் மலைக்காட்டுக்காரி மாதிரி இழுத்துப் பேசிக் காட்டுவாள், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தன்மேல் சந்தேகம் வராமலிருக்க அதைவிட நல்ல வழி ஏது? அம்மாவுக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரும், ஆள் வரமாட்டாள்.

சர்க்கரை நோய் ஓர்ஃபாவின் கண்ணைத் தின்றது. விரல்களும் மரத்துப்போயின. கிட்னியும் போய்விட்டது என்று டாக்டர் கைவிரித்தபிறகு, அவளைக் கவனித்துக்கொண்டிருந்த பக்கத்துவீட்டு நோவெல்லா டெட்ராய்ட்டுக்குப் போன் போட்டாள்.

“உங்காத்தா ஒம்பேரச் சொல்லியே உசிரப் புடிச்சுட்டுக் கெடக்கா. வர்றியா, இல்ல அட்டை அனுப்பப் போறியா?”

கிளென்னா ஓடிவந்தாள். கட்டிலருகே மண்டியிட்டாள்.

“அம்மா, நான் கிளென்னா வந்திருக்கிறேன்.”

ஓர்ஃபா பார்வையில்லாத கண்ணைத் திருப்பினாள். “ஆஸ்பத்திரியிலருந்து வந்த அம்மாங்களா? ஒக்காருங்க. எம்மவளும் இப்ப வந்துருவா.”

“நான்தான் அம்மா உங்கள் மகள். கிளென்னா.”

“எம்மவ பேரு கிளின்னாங்க.”

அவள் அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். மரத்த விரல்களுக்கு எந்தக் கன்னமும் ஒன்றுதான். நோவெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. “ஓர்ஃபாக்கா, இவதான்க்கா அவ!”

“என்ன சமாதானப்படுத்தப் பொய் சொல்றியாடி?”

கிளென்னா கண்ணை மூடி, சின்ன வயதுக் குரலைத் தேடினாள். தொண்டையில் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். “அம்மோஓவ்! நாந்தே கிளின்ன்னா வந்துருக்கேஏன்!”

விருந்தில் பேசிக் காட்டுகிற அதே குரல். அவளுக்கே கேட்டது.

ஓர்ஃபாவின் முகம் சுருங்கியது. “காலமெல்லாம் எங்கள நையாண்டி பண்ணினீங்க. சாகக் கெடக்கிறவகிட்டயுமா தாயி?” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளென்னா எழுந்து, அடுக்களை வாசலில் போய் நின்றாள். அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அழுதால்கூட அந்நியக் குரலில்தான் அழுவோமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது கார்த் தொழிற்சாலையில் வேலை முடிந்து, நோவெல்லாவின் மகள் ட்ரீவா பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இதே தெருவில் பிறந்தவள். அவள் பாட்டுக்குக் கத்தினாள்.

“அம்மோவ், பசி உசிரு போவுது! சோள ரொட்டி இருக்கா?”

கட்டிலில் ஓர்ஃபா துள்ளி எழப் பார்த்தாள். “கிளின்னா! வந்துட்டியாடி!”

ட்ரீவா திகைத்து நின்றாள். நோவெல்லா கிளென்னாவைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவள் அவள்தான். கிளென்னா ட்ரீவாவின் தோளைப் பிடித்துக் கட்டில் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

“ஆமாம்மா,” என்றாள் ட்ரீவா. “நாந்தேன்.”

“ஏன்டி இம்புட்டு நாளா வரல?”

ட்ரீவா கட்டிலோரம் உட்கார்ந்து கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இப்ப வந்துட்டேன்ல.”

ஓர்ஃபாவின் முகம் தெளிந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“அந்தப் பட்டணத்தம்மா போயிட்டாளா?”

ட்ரீவா நிமிர்ந்து பார்த்தாள். வாயைப் பொத்தியபடி வாசலிலேயே நின்றிருந்தாள் கிளென்னா.

“போயிட்டாங்கம்மா.”