வேம்பாரில் பதினோரு குச்சிகள்

ஞாயிறு, காலை ஏழு மணி. எழுபத்து மூன்றாம் வருஷம், பிப்ரவரி. தூத்துக்குடி பஸ் நிலையத்தில் இடது கையில் ஒரு கட்டுக் குச்சிகளும் வலது கையில் ஒரு மரப்பெட்டியுமாக நின்றேன். குச்சிகள் ஒரு முழ நீளம், தலையில் சிவப்புச் சாயம், ஒவ்வொன்றிலும் ஓர் எண். பெட்டிக்குள் வைக்கோல் சுற்றிய நாற்பது காலிப் பாட்டில்கள். என் மனைவி ரூத்தின் கையில் ஒரு பேனா. எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு எப்போதும் இப்படித்தான்.

ரூத் நாசரேத்துக்காரி. சென்னையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. நாற்பத்தொரு வயதில் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு கடற்கரைக் கிராமத்தின் குடிதண்ணீர். தண்ணீர் எடுக்கும் இடங்களை எண் போட்டு வரைபடத்தில் குறிக்க வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் அடுத்தடுத்து இரண்டு நாள் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்பது பேராசிரியரின் உத்தரவு. அது இல்லாவிட்டால் ஆய்வேட்டைக் கையால் தொடமாட்டாராம். விடுப்பு முடிய மூன்று வாரம் இருந்தது. தவறினால் ஒரு வருஷப் படிப்பும் வீண்.

"இது என்ன அண்ணாச்சி, கில்லி ஆடவா?" என்றார் கண்டக்டர், குச்சிகளைப் பார்த்து. ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் டிக்கெட். காலிப் பாட்டிலுக்கும் அரை டிக்கெட் போட்டார். வாதாடிப் பார்த்தேன். "நெறைஞ்சு வரும்போது முழு டிக்கெட்டுல்லா" என்றார்.

துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிய லாரிகளின் புழுதிக்குள் ஊரை விட்டு வெளியேறினோம். பிறகு உப்பளம், உடைமரம், உப்பளம். வெள்ளையும் வெயிலும் ஒன்றையொன்று குடித்துக்கொண்டிருந்தன. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். குளத்தூரில் டிரைவர் டீ குடிக்கப் போய் ஒரு கல்யாணப் பேச்சையே முடித்துவிட்டு வந்தார். வைப்பாற்றில் ஆறு இருந்தது, தண்ணீர் இல்லை. வேம்பாரில் இறங்கும்போது மணி பத்தே கால்.

கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து பெண்கள் குடங்களோடு கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே ஊற்று என்பது மணலில் தோண்டும் இடுப்பளவுக் குழி. அலை இரையும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், குழியின் அடியில் தண்ணீர் ஓசைப்படாமல் வந்து நிற்கிறது. அதைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். அத்தனை பெரிய கடல் பக்கத்தில் கிடந்து கத்த, ஒரு சிரட்டை நல்ல தண்ணீருக்காகப் பெண்கள் தலை மட்டும் தெரியக் குழிக்குள் குந்தியிருந்தார்கள். ரூத்தின் அச்சடித்த படிவத்தில் கிணறு, குளம், ஆறு, குழாய் என்று நாலு கட்டம். ஊற்றுக்குக் கட்டமில்லை.

"டாக்டரம்மா, நீங்களும் வேதக்காரங்கதான? ஞாயித்துக்கிழமையில வேலை செய்யுதிய" என்றாள் முதல் குழியில் இருந்த பிரகாசி. வாயில் வெற்றிலை, கையில் சிரட்டை.

"நான் டாக்டர் இல்லக்கா. படிக்கேன்."

"இந்த வயசுலயா? பாசாவாம கெடக்கியளோ?"

குழிகள் பதினொன்று. ஒவ்வொன்றின் கரையிலும் குச்சி நட்டு, தண்ணீர் பிடித்தோம். ஓர் அசையாப் பொருளிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் டேப் பிடித்துத் தூரம் அளப்பது என் வேலை. கோயில் எட்டத்தில் இருந்தது, வெயிலோ தலைமேல். பக்கத்திலேயே நீலச் சாயம் பூசிய பெரிய வள்ளம் ஒன்று மணலில் ஏறி, மலைபோல அசையாமல் கிடந்தது. அதன் மூக்கிலிருந்து அளந்தேன். ரூத் கணக்கைப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் இரண்டாவது பாராட்டு.

திங்கள், காலை ஆறரை மணி. கடற்கரை துடைத்துக் கழுவி வைத்தாற்போல் இருந்தது. குச்சி இல்லை. குழி இல்லை. நேற்றைய இடத்திலிருந்து தள்ளி வேறெங்கோ பெண்கள் புதிதாய்த் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பிரகாசி எழுந்து, கயிற்றால் கட்டிய குச்சிகளை ரூத்திடம் நீட்டினாள்.

"ஒண்ணும் தொலையல. பதினொண்ணையும் எண்ணிக்கிடுங்க. யாரும் விறகுக்குத் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு, அலசி வீட்டுல வச்சிருந்தேன்."

ரூத் வாங்கிக்கொண்டாள். நல்ல தண்ணீரில் அலசியிருந்தாள் பாவி, ஒரு குச்சியிலும் மணல் இல்லை.

"குழிய ஏன் மூடுனீங்க?"

"தெனமும் மூடத்தான செய்வோம். ஆடு விழும், நாய் எறங்கும்."

ரூத் என் பக்கம் திரும்பினாள். "பரவாயில்ல. நேத்து அளந்த கணக்கு இருக்கு. எந்த இடத்துல இருந்து அளந்தீங்க?"

நான் சொன்னேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"எந்த வள்ளம்?"

"அந்தா போவுதுல்லா" என்று பிரகாசி கடலைக் காட்டினாள். அடிவானத்தில் நகம் வெட்டிப் போட்டதுபோல ஒரு பாய். "நேத்து ஞாயித்துக்கிழம அண்ணாச்சி, கெடந்துச்சு. இன்னைக்குத் தொழிலுக்குப் போவாண்டாமா?"

ரூத் மணலில் உட்கார்ந்து, குச்சிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பிரகாசியிடம் சொன்னாள்: "நேத்து மொண்ட அதே இடத்துல இன்னைக்கும் தண்ணி வேணும்க்கா. இல்லன்னா என் படிப்பு போச்சு."

"அவரவர் குழி அவரவருக்குத் தெரியாதா? என் குழி இங்கன." பிரகாசி காலால் ஒரு வட்டம் போட்டாள். எனக்கு எல்லா மணலும் ஒரே மணல். "ஆனா அதுல மறுநா தோண்டுனா உப்பால்லா இருக்கும்? கொஞ்ச நா சும்மா போடணும்."

"உப்பா இருந்தாலும் வேணும்."

"ஏளா மேரி, கேட்டியா? இவிய உப்புத் தண்ணிக்குப் படிக்காவளாம்."

கடற்கரையே சிரித்தது. ஆனாலும் பிரகாசி சேலையைச் செருகிக்கொண்டு தோண்டினாள். அரைமணி நேரம். தண்ணீர் ஊறியதும் ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினாள். நானும் வாய் வைத்தேன். நேற்று இதே இடத்துத் தண்ணீரை இரண்டு தம்ளர் குடித்தவன், இன்று விழுங்க முடியவில்லை.

ரூத் பாட்டிலை நிரப்பி, சீட்டு ஒட்டினாள். அதில் எண் இல்லை. 'பிரகாசி, திங்கள்' என்று எழுதினாள். பிறகு நேற்றைய பாட்டில்களை எடுத்து, சீட்டிலிருந்த எண்ணை அடித்துவிட்டு, தோண்டியவளின் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். மேரியும் மற்றவர்களும் தங்கள் குடங்களை வீட்டில் இறக்கிவிட்டு வந்து பழைய குழிகளைத் தோண்டி முடிக்கும்போது உச்சிவேளை. அத்தனையும் உப்பு. பெட்டியைத் தூக்கினேன். கண்டக்டர் சொன்னது சரி, முழு டிக்கெட் கனம்தான்.

பகல் இரண்டு மணி பஸ். குச்சிகளை ரூத் பிரகாசிக்கே கொடுத்துவிட்டாள், அடுப்புக்கு.

"அண்ணாச்சி, ஒங்க ஊர்ல எங்கன தண்ணி எடுப்பிய?"

"தெருக் குழாயில. ஒரே இடம்தான், மாறாது."

"நல்ல தண்ணியா?"

"வந்தா நல்ல தண்ணிதான்."

அதற்குப் பிரகாசி சிரிக்கவில்லை. "அய்யோ" என்றாள், எங்களுக்காக.

சென்னையில் ஆய்வேட்டை வாங்கிப் புரட்டிய பேராசிரியர், வரைபடம் இருக்க வேண்டிய பக்கத்தில் விரலை வைத்து, "ஏன் காலி?" என்றாராம். ரூத் பிரகாசியின் இரண்டு பாட்டில்களையும் அவர் மேசைமேல் வைத்து, ஞாயிறு எது, திங்கள் எது என்று சொன்னாள். அவர் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கவில்லை. திங்களைத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்து, கையெழுத்துப் போட்டார்.

இதை ரூத் எனக்குச் சொன்னது எங்கள் தெருக் குழாயடியில். அந்தக் குழாய்க்கு எண் உண்டு, மாநகராட்சி வரைபடத்தில் இடமும் உண்டு. காலை நாலு மணியிலிருந்து நான் அங்கே குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் சொல்லி முடிக்கும்வரை அது ஒரு முறை இருமியது, அவ்வளவுதான்.