டூட்டிங்கில் ஒரு தைப்பே முற்றம்

1994 பெப்ரவரி. ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் வாங்கிய வரிசை வீட்டின் நடு அறையில் பகலிலும் லைட் போடவேண்டும். என் மனைவி வசந்தி அங்கேதான் உடுப்புத் தைப்பாள். "இனி இதுக்குள்ள இருக்க ஏலாது. வித்துப்போட்டு பார்க்கிங் டவுன் பக்கம் வீடு பார்ப்பம்" என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை ஏஜென்ட் வருவதாக இருந்தது. எனக்கு விற்க மனமில்லை.

அச்சகத்தில் என்னோடு வேலைசெய்த லின், தைப்பேக்காரர். அங்கேயும் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒடுங்கிய நீள வீடுகள்தானாம். நடுவில் வானம் தெரிகிற சின்ன முற்றம் விடுவார்களாம். டூட்டிங்கில் தன் வீட்டிலும் அப்படிச் செய்திருப்பதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னார்.

காலை 10.10க்கு ஃபாரஸ்ட் கேட்டில் ரயில் ஏறினோம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி, சென்ட்ரல் லைனில் ஒரு தரிப்பு, பாங்க் ஸ்டேஷனில் நார்தர்ன் லைன். 11.25க்கு டூட்டிங் பிராட்வே. இருவருக்கும் ஒருநாள் டிக்கெட் எட்டுப் பவுண்சுக்குள். பலசரக்குக் கடைக்காரரிடம் வழி கேட்டேன். "நேர போய் ரெண்டாம் சந்தில திரும்புங்கோ அண்ணை. அஞ்சு நிமிஷம்." பத்து நிமிடம் ஆனது.

லின் முதலில் தைப்பே வீட்டின் படங்களைக் காட்டினார். அப்பாவின் துணிக்கடை இருந்த முன்பக்கம் இப்போது தம்பியின் தேநீர்க்கடை, பின்பக்கம் குடியிருப்பு. நடு முற்றத்தில் மட்டும் கைவைக்கவில்லை. டூட்டிங் முற்றம், சமைக்கிற குசினிக்கும் நடு அறைக்கும் இடையில், ஆறடிக்கு எட்டடி. அதற்காக ஒரு சின்ன அறையையே இடித்திருந்தார். வெளியே மேகம் மூடிய மப்பு. வசந்தி பையிலிருந்து ஊசியை எடுத்து, லைட் போடாத நடு அறையில் நின்று நூல் கோத்தாள். முதல் தடவையிலேயே கோத்துவிட்டாள்.

பிறகு லின்னின் மனைவியிடம், இதில் என்ன பிழையாய்ப் போனது என்று கேட்டாள். முதல் வருடம் முற்றத்துக் குழாயில் இலை அடைத்துத் தண்ணீர் அறைக்குள் வந்ததாம். "இரண்டு கிழமை இவரோடு நான் பேசவில்லை" என்றார் அவர். லின் தலையாட்டினார்.

திரும்பும் ரயிலில், ஓவல் ஸ்டேஷன் தாண்டியதும் அவளே சொன்னாள்: "எங்கட பின் அறையை இடிச்சால் அதை வாடகைக்கு விட ஏலாது."

"ஓம், ஏலாது."

"பரவாயில்லை. வரவேண்டாமெண்டு ஏஜென்டுக்கு நான் போன் பண்ணுறன்."

கவுன்சில் அனுமதிக்கு நான்கு மாதம், வேலைக்கு ஐந்து கிழமை. தண்ணீர் வடியும் குழாயை இரட்டிப்பு அகலத்தில் போட்டோம். குசினி குளிரும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் செய்தது சரிதான்.

இப்படியான வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள், கோடைகாலத்தில் போகாதீர்கள். மாசியில், மழைநாளில் போங்கள். வீட்டுக்காரரை மட்டும் கேட்டுவிட்டு வராமல், அங்கே சமைப்பவரையும் கேளுங்கள். கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். படத்தில் வெளிச்சம் தெரியும், குளிர் தெரியாது.