ரைட்டருக்கு ஓர் ஏற்புரை

மேடைப் பேச்சு எழுதிக் கொடுக்கும் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: பேச்சு எடுபட்டால் பேசியவருக்குப் பொன்னாடை, எடுபடாவிட்டால் எழுதியவளுக்கு வசவு.

மைக்கைப் பார்த்ததும் தொண்டை வறண்டு போனவர்களே, எல்லாப் பாக்கெட்டிலும் துழாவியும் பேச்சுக் காகிதம் அகப்படாமல் வியர்த்தவர்களே, உங்களை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. கல்யாணமாகிச் சேலத்திலிருந்து மலையேறி வந்தவள் நான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முதலில் மனு எழுதிக் கொடுத்தேன். அது நன்றியுரை, வரவேற்புரை, ஏற்புரை என்று தானாக வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. பொறுமையும் கிடையாது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கூப்பிட்டதோடு சரி

கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு கோயில் விழா. கமிட்டித் தலைவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நம் ஊர் மேடையில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த ஆள் அடுத்த விழா வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அந்தப் பயத்தில் யாருக்குப் பின் யார் என்று மூன்று தடவை சரிபார்த்து, இருபத்தாறு 'அவர்களே' போட்டுக் கொடுத்தேன். விழாவைப் பற்றிய விஷயம் காகிதத்தின் பின்பக்கத்தில் இருந்தது.

தலைவர் நிதானமாகக் கூப்பிட்டார். தாமதமாக வந்தவர்களையும் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டார். கோபித்துக்கொண்டு எழுந்து போன ஒருவரைத் திரும்ப அழைத்து உட்காரவைத்து, அவருக்கு இரண்டு தடவை 'அவர்களே' போட்டார். காகிதத்தைத் திருப்புவதற்குள் பம்பைக்காரர்கள் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் கடைக்கு வந்தவர் என்னைத் திட்டவில்லை, வருத்தப்பட்டார். "எல்லாரையும் மரியாதையாக் கூப்பிட்டனுங்க அம்மிணி. எதுக்குக் கூப்பிட்டேன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்க."

பாதி அவர், பாதி அவர் மனைவி

வெள்ளக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருடம் ரைட்டராக இருந்தவர் ஒருவர். யார் யார் வேலைக்கு வந்தார்கள், யார் எத்தனை கிலோ பழம் பறித்தார்கள் என்று நோட்டில் எழுதுகிறவர்தான் ரைட்டர். மனைவி பாக்கியமும் அதே எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். இருவரும் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார்கள். ரைட்டர் வாயைத் திறந்தார். "எ... எ... எ..." என்றார். "எஸ்டேட்டுலருந்து வர்றோமுங்க" என்று பாக்கியம் முடித்தார். "ரி... ரி..." என்றார். "ரிட்டயர்டு ஆவறாருங்க, விழா எடுக்கறாங்க, ஏற்புரை வேணுமுங்க" என்றார் பாக்கியம். அவர் முதல் எழுத்தைக் கொடுப்பார், மீதியை இவர் சொல்வார். ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி, மகள் கல்யாணம், எல்லாம் இப்படித்தான் நடந்திருக்கிறது. பாக்கியத்துக்கு அதில் அலுப்பே இருந்ததில்லை என்பதை முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பாக்கியம் காய் வாங்கப் போன நேரத்தில் ரைட்டர் என் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை இழுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அச்சடித்த மாதிரி கையெழுத்தில் இரண்டு வரி எழுதி என் பக்கம் திருப்பினார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். "எங்க ஊட்டுக்காரிக்கு மேடையில நன்றி சொல்லோணும். பாதியில அவ எடுத்து முடிச்சுத் தராம, நானே முழுசாச் சொல்லோணும்."

மூச்சை இழுத்துவிட்டு

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. இளகினால் என் தமிழ் வீங்கிவிடும். 'இந்தப் பொன்னான தருணத்தில் பெருமகிழ்ச்சியில் திளைக்கிறேன்' என்று தொடங்கி, இல்லத்தரசி, இல்லறத் தேர், தேரின் அச்சாணி என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். ரைட்டர் தினமும் மத்தியானம் பஸ் ஏறி வந்து, கடையின் பின்னறையில் உட்கார்ந்து அதைப் படித்துப் பார்த்தார். 'பொன்னான' தாண்டவே முதல் நாள் போய்விட்டது. கழுத்து நரம்பு புடைக்கும், கண் சொருகும், வார்த்தை வராது. அந்த வார்த்தையை எடுத்துவிட்டு வேறு போட்டேன். அதிலும் மாட்டினார்.

செல்போனில் வீடியோ பார்த்து வைத்தியம் வேறு சொன்னேன். மூச்சை இழுத்து விடுங்க, கண்ணாடி பார்த்துப் பேசுங்க, கூட்டத்தில் யாரும் இல்லைன்னு நினைச்சுக்கோங்க. முன்னால் ஆதார் அட்டை நகலுக்கு நாலு பேர் காத்திருப்பார்கள். நான் ஒரு கண்ணை அங்கே வைத்துக்கொண்டு, "மெதுவாச் சொல்லுங்க ரைட்டரண்ணா, மெதுவா, மெதுவா" என்று விரட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அவர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். ரொம்ப நேரம் எடுத்து, திக்கித் திக்கி, ஆனால் கோபமே இல்லாமல் சொன்னார். "மெதுவாச் சொல்லுன்னு சொல்றவங்க எல்லாருமே அவசரத்துல இருக்கறாங்க அம்மிணி."

விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

கரண்டு போனால் என்ன

அதற்கு நடுவில் செம்மநத்தத்தில் மகளிர் குழுக் கூட்டம். குழுத் தலைவி, மிளகும் ராகியும் போடுகிற விவசாயி, தலைமையுரை கேட்டிருந்தார். என்னையும் வரச் சொன்னார். மைக்கின் முன்னால் அவர் குரல் பூனைக்குட்டி மாதிரிதான் வந்தது. காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது வரியில் கரண்டு போயிற்று. போச்சுடா என்று நான் தலையில் கைவைத்தேன்.

அந்தம்மா ஒரு நொடி மைக்கைப் பார்த்தார். அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, காகிதத்தையும் அதன் மேல் வைத்துவிட்டு, கையை இடுப்பில் ஊன்றி மீதியைப் பேசினார். கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்டது. ஒரு வார்த்தை தடுமாறவில்லை. பேச்சு முடிந்ததும் ஓடிப் போய், "எப்படீங்கக்கா?" என்றேன். அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "இதுல என்னங்க இருக்குது? தெனமும் இந்தக் காட்டுல நின்னுக்கிட்டு அந்தக் காட்டுல இருக்கறவங்களோட பேசறமே, அப்படித்தானுங்க."

காலை ஏழு மணி

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வார்த்தைதான் மண்டையில் ஓடியது. தினமும் பேசுகிற குரலில்தான் அந்தம்மா பேசினார். அப்படியானால் ரைட்டர் தினமும் சத்தமாகப் பேசுவது என்ன? மறுநாள் விடியக் காலையில் கடையைத் திறக்காமல் அவருடைய எஸ்டேட்டுக்குப் போனேன். பனி கண்ணை மறைத்தது. காப்பி உலர்த்தும் களத்தில் கூடையும் சாக்குமாக நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். ரைட்டர் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று நோட்டைத் திறந்தார்.

"மாரியம்மா. சின்னத்தாயி. குப்பன். பொன்னி. பழனியம்மா." பிசிறில்லாமல் வந்தது. ஒவ்வொரு பேருக்கும் "வந்தனுங்க" என்று பதில் வந்ததும், அந்தத் தாளத்திலேயே அடுத்த பேர். முப்பத்திரண்டு வருடமாக இந்த மனிதர் தினமும் காலையில் ஊருக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் என்னவோ அவருக்குப் பேச்சுச் சொல்லித்தரக் கிளம்பியிருந்தேன். வெட்கமாக இருந்தது. கிட்டே போய், பேர் சொல்லும்போது மட்டும் எப்படித் திக்கவில்லை என்று கேட்டேன். அவர் யோசித்தார். பதில் தட்டுத்தடுமாறித்தான் வந்தது, நான் வாயைத் திறக்காமல் நின்றேன். "பேரு எனக்கு வார்த்தை இல்லீங்க அம்மிணி. ஆளுங்க முகமுங்க."

ஏற்புரை

அச்சாணியையும் தேரையும் கிழித்துப் போட்டேன். புதுப் பேச்சு ஒரு வருகைப் பட்டியல். ஒரு பேர், அவரைப் பற்றி ஒரு வரி. யாரைப் பற்றி என்ன என்று ரைட்டரே எழுதிக்கொண்டு வந்தார், நான் வரியைச் சின்னதாக்கிக் கொடுத்தேன். கடைசிப் பேர் பாக்கியம். பின்னறையில் படித்துப் பார்த்தபோது பேர் முன்னால் ஓட, வரி அதன் பின்னாலேயே வந்துவிட்டது. அங்கங்கே லேசாகத் தட்டியது, அவ்வளவுதான். கடைசிப் பேரை மட்டும் அவர் ஒத்திகையில் சொல்லவில்லை. "அது இருக்கட்டுமுங்க" என்று கூச்சப்பட்டுச் சிரித்தார். இத்தனை பேர் சொல்கிறவருக்கு அந்த ஒன்றா வராது என்று நானும் விட்டுவிட்டேன்.

விழா அதே களத்தில், பந்தல் போட்டு நடந்தது. முதலாளி, பொன்னாடை, மாலை எல்லாம் முடிந்து ரைட்டர் எழுந்தார். திக்குவாய்க்காரர் என்ன பேசப்போகிறார் என்று கூட்டத்துக்குச் சங்கடம். முன்வரிசையில் பாக்கியம், எடுத்துக் கொடுப்பதற்குத் தயாராக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ரைட்டர் நோட்டைத் திறந்தார்.

"மாரியம்மா. மழையில தான் நனைஞ்சு என் நோட்டுக்குச் சாக்குப் புடிச்சவ." பின்னாலிருந்து பழக்க தோஷத்தில் "வந்தனுங்க" என்று குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. "சின்னத்தாயி. கூடைக்கடியில எலையைப் போட்டு எடை கூட்டறது எனக்குத் தெரியாதுன்னு இன்னும் நெனைச்சுக்கிட்டு இருக்கறவ." சின்னத்தாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு "வந்தனுங்க" என்றார். முப்பது பேர் இப்படி. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பெருமையில் அரையடி உயரமாகிவிட்டேன்.

கடைசிப் பேர் வந்தது. "பா..." என்றார். நின்றது. "பா... பா..." கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் இருந்த பொன்னி என் காதில் கிசுகிசுத்தார். "அந்தப் பேரை அவரு என்னைக்கும் கூப்பிட்டதில்லீங்களே. பாக்கியம் பேரு வந்தா அவ மொகத்தைப் பாத்து டிக் போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிருவாரு. ஊட்டுக்காரி பேரை எப்படீங்க சபையில கூப்பிடுவாரு?"

பாவி, நான் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே. பாக்கியத்தின் வாய் திறந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம், திறக்காமல் இருக்குமா? நன்றி சொல்ல வந்த மனிதர் இன்றைக்கும் பாதியில் நிற்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் பாக்கியம் தன் முந்தானை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். நிலைமையைச் சமாளிக்க முதலாளி கை தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். பாக்கியம் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். ஐம்பது பேரும் அசையாமல் இருந்தார்கள். ரைட்டர் நோட்டை மூடினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். யாரும் மெதுவாச் சொல்லுங்க என்று சொல்லவில்லை.

"பா... பாக்கியம்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "எ... என் பேச்சையெல்லாம் இத்தனை வருசம் பேசினவ. உனக்கு நொம்ப நன்றி, கண்ணு."

பாக்கியம் எழுந்து நின்று, முந்தானையை வாயிலிருந்து எடுத்து, "வந்தனுங்க" என்றார். ஐம்பது பேரும் எழுந்துவிட்டார்கள். நான் அழுதேன், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

சாப்பாட்டுப் பந்தியில் பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, பேரை எடுத்துக் கொடுக்காமல் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டேன். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொத எழுத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு கண்ணு, என் பேருதான்னு. இருந்தாலும் அதை அவரு வாயில ஒருக்கா கேக்கோணுமுன்னு இருந்துச்சு."

அன்றைய பேச்சிலேயே நல்ல பகுதி நான் எழுதாத அந்த அரை நிமிடம்தான் என்றாலும், எழுதிக் கொடுத்தது யார் என்று விசாரித்த ஏழெட்டுப் பேருக்கும் கொஞ்சமும் கூசாமல் என் கடைக்குத்தான் வழி சொன்னேன்.