நிலம் பார்க்க வந்தவன் தண்ணீர் கேட்கவில்லை

பள்ளிக்கூட நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எனக்குப் பண்ணையார் என்று பெயர். ஒன்றரை ஏக்கர் நிலமும் கொஞ்சம் தென்னையும் வைத்திருப்பவனுக்கு அது பெரிய பட்டம்தான். ஆனாலும் நான் ஒரு தடவைகூட மறுத்தது கிடையாது. வாலிபம் முழுக்கத் துபாயில் அடுத்தவர் கடையில் பெட்டி தூக்கியவன் நான். ஊர் திரும்பி, மரக்காணத்திலிருந்து அனுமந்தைக்குப் போகிற வழியில் நிலம் வாங்கி, அதிலேயே ஷீட் போட்டு ஒரு வீடும் கட்டிக்கொண்டபோது, யாராவது அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்றுதான் இருந்தது.

குரூப்பில் நான் போட்ட படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பச்சைப் பசேல் என்று மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைச் செடி, காய்த்துத் தொங்கும் கத்திரி, வாய்க்காலில் ஓடும் தண்ணீர். எல்லாம் மழை முடிந்த கையோடு எடுத்தவை. வெயில் காலத்தில் நான் படம் எடுப்பதில்லை. இரண்டு வருஷமாக வெயில் ஏற ஏற என் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கத்திரி இலை நுனி கருகுகிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, டீ போட்டால் பால் திரிந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்குகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி இருந்திருந்தால் அவளிடம் புலம்பியிருப்பேன். அவள் மௌத்தான பிறகு, நாள் முழுக்க வாயைத் திறக்காமலே கழிகிற நாட்களும் உண்டு.

போன பங்குனியில் இரண்டு பேர் என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருத்தன் சென்னையில் ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். இன்னொருத்தி புதுச்சேரியில் நர்ஸாக இருந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இங்கே உப்பளத்தில் வேலை செய்தவர்கள். வருகிறார்கள் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கருகின கத்திரிச் செடியை எல்லாம் முதல் நாளே பிடுங்கி வேலியோரம் போட்டேன். கேன்களை உர மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட இவ்வளவு மறைத்திருக்க மாட்டார்கள்.

வந்ததும் அவள் மோட்டார் தொட்டியடியில் கை கால் கழுவப் போனாள். அவன் தென்னை நிழலில் நாற்காலியைப் போட்டுச் சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டான்.

"கத்திரி எங்கடா? போட்டோல அப்படிக் காய்ச்சிருந்துச்சே!"

"போகம் முடிஞ்சிடுச்சு. எடுத்துட்டேன்."

கேன் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஊர்த் தண்ணி ஊர்த் தண்ணிதான். சென்னையில இந்த டீ கிடைக்குமா?"

அவன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

துபாய் பேச்சிலர் ரூமில் கற்றுக்கொண்ட பிரியாணியை ஆக்கிப் போட்டேன். மருமகள் வந்த கதை, முட்டி வலி, செத்துப்போன வாத்தியார்கள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. நான் இவ்வளவு சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டேய், ஒரு விஷயம். உன் பக்கத்து நிலத்துக்காரர்கிட்டப் பேசிட்டேன். சாயந்திரம் போய் வாக்குக் கொடுக்கப் போறேன். சின்னதா ஒரு வீடு. நானும் என் வீட்டுக்காரியும் வந்துடுறோம். வயசான காலத்துல வேலிக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான்."

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை, எழுந்துபோய் அவன் தோளைப் பிடித்துவிட்டேன். காலையில் எழுந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்கும். ராத்திரி நெஞ்சு வலித்தால் கூப்பிட ஆள் இருக்கும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஞாபகம் வந்தது. என் போரும் பக்கத்துப் போரும் ஒரே ஊற்று.

எங்கள் ஊர்க்காரன் நிலம் பார்க்கப் போனால் முதலில் மண்ணைப் பார்க்க மாட்டான். மோட்டாரைப் போடச் சொல்லி ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பான். பிறகுதான் பேச்சு. இங்கேயே பிறந்தவன் இதை எப்படி மறந்தான்?

"தண்ணி குடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "வேற இடம்னா பாத்திருப்பேன். பக்கத்துல நீ இருக்க. உன் டீயையும் குடிச்சாச்சு. அப்புறம் என்னடா?"

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. சொல்லாமல் விட்டால் இவன் வந்துவிடுவான். மழைக் காலத்தில் வீடு கட்டுவான், வெயில் காலத்தில் தெரிந்துகொள்வான். அதற்குள் குடியேறியிருப்பான், போக இடம் இருக்காது. அப்படியாவது பக்கத்தில் இருப்பானே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷத்துக்கு மேலேயே நினைத்தேன்.

பிறகு இன்னொரு டீ போடுகிறேன் என்று எழுந்தேன். சொல்ல வாய் வரவில்லை. அடுப்பை வாசலுக்கே தூக்கி வந்து, அவர்கள் கண்ணெதிரே மோட்டாரைப் போட்டு, குழாயில் பிடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாலை ஊற்றினேன். பால் திப்பி திப்பியாகத் திரிந்தது.

அவன் குனிந்து பாத்திரத்தைப் பார்த்தான். எவ்வளவு வருஷம் சென்னையில் இருந்தாலும் இந்த ஊர்க்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

"எப்பத்துலருந்து?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப காலையில குடிச்சது?"

"கேன் தண்ணி."

அவன் எழுந்துபோய் ஒரு கை அள்ளிக் குடித்தான், துப்பினான். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு காருக்குப் போனான். அவள்தான் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"வந்து சோப்பு போட்டப்பவே எனக்குத் தெரியும்பா. நீயா சொல்றியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சொல்லாம விட்டிருந்தா, கார்ல போறப்ப நான் சொல்லியிருப்பேன். அப்புறம் உன் வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்."

அன்று அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுநாள் வேலியோரம் கிடந்த கருகின கத்திரிச் செடிகளைப் படம் எடுத்து, தண்ணீர் உப்பாகிவிட்டது என்று எழுதிக் குரூப்பில் போட்டேன். ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவன் பார்த்ததாகக் காட்டியது, பதில் வரவில்லை. பக்கத்து நிலத்தை அவன் வாங்கவில்லை என்று நிலத்துக்காரரே சொன்னார். கத்திரி போட்ட இடத்தில், உப்பைத் தாங்கும் என்று சவுக்கு நட்டேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் வந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காதவன் போல நேராக மோட்டாரடிக்குப் போனான். சுவிட்சைப் போட்டான். ஒரு கை அள்ளி வாயில் விட்டான்.

"கரிக்குது" என்று சொல்லித் துப்பினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "இனிமே எப்ப வந்தாலும் முதல்ல இதைக் குடிச்சுப் பாத்துட்டுத்தான் உன்கிட்டப் பேசுவேன்."

சுருக்கென்றது. கேட்க வேண்டிய பேச்சுதான், கேட்டுக்கொண்டேன். தென்னை நிழலில் அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"டீ போடுடா."

உர மூட்டைக்குப் பின்னால் இருந்த கேனை வெளியே எடுத்துவந்து, அவன் பார்க்கிற இடத்தில் வைத்தேன்.